கம்பெனி கைமாறும்போது கையெழுத்துக்கு அவசரம் வேண்டாம்

தம்பி, ஜெர்மனியில் ஷ்டுட்கார்ட் வந்து எட்டு மாதம் ஆகிறது, கம்பெனியை ஓர் அமெரிக்கக் கம்பெனி வாங்குகிறது, இனி ஆபீஸ் எப்படி இருக்கும், படித்த வெளிநாட்டவருக்கு இங்கே வேலை பார்க்கத் தரும் ப்ளூ கார்டு என்னாகும், ஹெச்ஆர் நீட்டும் காகிதத்தில் கையெழுத்துப் போடலாமா, பெரிய வீடு எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டைப் பற்றி வேறு யாராவது சொல்லட்டும், நான் வீடு தேடிப் பல வருடம் ஆகிறது. மற்றதை விரிவாகவே சொல்கிறேன். வந்த புதிதில் எனக்கும் இதேதான் நடந்தது.

முதலில் ஒன்று. இணைப்பு என்று எவ்வளவு அழகாகச் சொன்னாலும் ஒருவர் வாங்குகிறார், இன்னொருவர் விலை போகிறார். இந்த ஊர்க்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 1998-ல் இந்த ஊர்க் கார் கம்பெனியான டைம்லர் பென்ஸும் அமெரிக்காவின் கிரைஸ்லரும் சேர்ந்தபோது சரிக்குச் சமமான இணைப்பு என்றுதான் அறிவித்தார்கள். இரண்டே வருடத்தில் தலைவர் ஷ்ரெம்ப், அப்படி ஓர் எண்ணமே இருந்ததில்லை என்கிற மாதிரி ஒரு பேட்டியில் பேசிவிட்டார். கிரைஸ்லர் அதிகாரிகளுக்கு ஜெர்மன் அதிகாரிகளைவிடப் பல மடங்கு சம்பளம், முடிவெடுக்கும் முறையும் வேறு. 2007-ல் கிரைஸ்லரின் பெரும்பங்கை விற்றுவிட்டு ஒதுங்கினார்கள்.

நான் வந்தது 2001-ல், அப்போதைய ஜெர்மன் பிரதமர் ஷ்ரோடரின் அரசு கம்ப்யூட்டர் ஆட்களுக்காகக் கொண்டுவந்த கிரீன் கார்டில். பெயர்தான் கிரீன் கார்டு, ஐந்து வருடம்தான் செல்லும். "இந்தியர்களுக்குப் பதில் நம் பிள்ளைகள்" என்று ஓர் அரசியல்வாதி தேர்தலுக்குக் கோஷம் கிளப்பி ஓய்ந்திருந்த நேரம். அந்தச் சூழலில், சேர்ந்த கொஞ்ச நாளிலேயே எங்கள் கம்பெனியை அமெரிக்கர்கள் வாங்கினார்கள்.

முதலில் மாறியது சமையலறை அலமாரி. ஆளாளுக்கு வீட்டிலிருந்து கொண்டுவந்த கோப்பைகள் அதில் இருக்கும். கால்பந்து கிளப் சின்னம் போட்டது, பேத்தி வர்ணம் தீட்டியது, விளிம்பு உடைந்தது. ஒரு திங்கட்கிழமை எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கி நடைபாதையில் வைத்துவிட்டு, புதிய சின்னம் போட்ட வெள்ளைக் கோப்பைகளை அலமாரியில் வைத்திருந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. அவரவர் கோப்பையை எடுத்துக்கொண்டு இடத்துக்குப் போனார்கள். அதற்குப் பிறகு சமையலறையில் நின்று பேசுவது குறைந்துபோனது.

இதைக் கவனித்து வையுங்கள். ஜெர்மன்காரர்கள் மீட்டிங்கில் "இது வேலைக்கு ஆகாது" என்று முகத்துக்கு நேரே சொல்லுவார்கள். அவர்கள் பேசாமல் இருந்தால்தான் பயப்பட வேண்டும். புதிய மேனேஜர் அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். ஒரு வருடத்துக்குள் நல்ல ஆட்கள் ஒவ்வொருவராக ராஜினாமா கொடுத்தார்கள்.

நம்மவர்கள் செய்தது வேறு. சாயந்திரம் ஆறு மணிக்குமேல் அமெரிக்காவிலிருந்து வரும் போன் கால்களை எல்லாம் நாங்களே எடுக்கிறோம் என்றார்கள். மேனேஜருக்குப் பிடித்தவர்கள் ஆகிவிட்டோம் என்று பெருமை. பக்கத்து சீட்டுக்காரர் ஐந்து மணிக்கு எழுந்து போனால் சோம்பேறி என்று தமிழில் கிண்டல். பெட்ரீப்ஸ்ராட், அதாவது ஊழியர்கள் தேர்ந்தெடுக்கும் குழு, அதைக் கொடி பிடிப்பவர்களின் வேலை என்று ஒதுக்கினார்கள். எனக்கு இன்றுவரை ஆறாத கோபம் இதில்தான். ஆட்குறைப்பு வந்தபோது ராத்திரி எடுத்த போன் கால்களை யாரும் எண்ணவில்லை. ஒரே மாதிரி வேலை செய்பவர்களில் யாரை அனுப்புவது என்பதற்கு இங்கே சட்டம் பார்ப்பது நான்குதான்: எத்தனை வருட சர்வீஸ், வயது, காப்பாற்ற வேண்டிய குடும்பம், கடுமையான உடல் ஊனம். புதிதாக வந்த இளவட்டம் முதல் வரிசையில் நிற்கிறது.

சரி, உங்கள் காகிதத்துக்கு வருகிறேன். அவர்கள் பங்குகளை மட்டும் வாங்கினால் உங்கள் முதலாளி அதே கம்பெனிதான், ஒப்பந்தம் அப்படியே இருக்கும். உங்கள் பிரிவை வேறு கம்பெனிக்கு மாற்றினால் சிவில் சட்டத்தின் 613அ பிரிவு வரும். சம்பளம், சர்வீஸ் எல்லாவற்றோடும் ஒப்பந்தம் புதியவருக்குப் போகும். கைமாறியதைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்கினால் அது செல்லாது. அறிவிப்பு வந்த ஒரு மாதத்துக்குள் நீங்கள் ஆட்சேபிக்கலாம், ஆனால் கோபத்தில் அதைச் செய்ய வேண்டாம். பழைய கம்பெனியில் உங்களுக்கு வேலையே மிச்சம் இருக்காது. முதலாளி பெயர் மாறினால் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு உடனே எழுதுங்கள். ப்ளூ கார்டில் முதல் 12 மாதத்துக்குள் இருக்கிறீர்கள், தள்ளிப்போடாதீர்கள்.

அவுஃப்ஹெபுங்ஸ்ஃபெர்ட்ராக் என்ற தலைப்பில் ஒரு தாள் வந்தால் மட்டும் உஷார். இரு தரப்பும் சம்மதித்து வேலையை முடித்துக்கொள்வதாக எழுதித் தருவது அது. "இன்றே போட்டால் கூடுதல் பணம்" என்பார்கள். கோயம்புத்தூர்க்கார நண்பர் ஒருவர் எதிர்த்துப் பேசினால் மரியாதையாக இருக்காது என்று அன்றே போட்டுக் கொடுத்தார். வேலையை அவரே விட்டதாகக் கணக்காகி, வேலையில்லாக் காலத்துப் பணம் 12 வாரம் நின்றது. உங்களுக்கு அந்தப் பணமே இன்னும் கிடையாது, கடந்த 30 மாதத்தில் 12 மாதமாவது அதற்கான காப்பீட்டுச் சந்தா கட்டியிருக்க வேண்டும். ஆனால் ஆறு மாதம் தாண்டிவிட்டதால், பத்துப் பேருக்குமேல் உள்ள கம்பெனியில் பணிநீக்கப் பாதுகாப்பு உங்களுக்கு வந்துவிட்டது. அதைக் கையெழுத்தில் தூக்கிக் கொடுக்காதீர்கள். தாளை வாங்கிக்கொண்டு, படித்துவிட்டுச் சொல்கிறேன் என்று வெளியே வாருங்கள். நேரே பெட்ரீப்ஸ்ராட் அறைக்குப் போங்கள். அவர்களைக் கேட்காமல் யாரையும் நீக்கினால் அந்த நீக்கமே செல்லாது.

நீக்கக் கடிதமே வந்தால் 3 வாரத்துக்குள் தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும். மின்னஞ்சலில் வந்தால் அது நீக்கமே இல்லை, காகிதத்தில் கையொப்பத்தோடு வர வேண்டும்.

எனக்கு இதெல்லாம் சொல்லிக்கொடுத்தது பெட்ரீப்ஸ்ராட் குழுவில் இருந்த ஒரு ஸ்வாபியக்காரர், அதாவது இந்தப் பகுதி ஆள். என் அரைகுறை ஜெர்மனைப் பொறுமையாகக் கேட்டு, ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்துக் காட்டினார். மதியம் அவரோடுதான் சாப்பிடுவேன், லின்சன் மிட் ஷ்பெட்ஸ்லே, அதாவது பருப்போடு இந்த ஊர் நூடுல்ஸ், எனக்குப் பிடித்துப்போனதும் அப்படித்தான். பின்னாளில் நானே அந்தக் குழுவுக்கு நின்று ஜெயித்தேன். நீங்களும் மதியச் சாப்பாட்டுக்கு நம் ஆட்களின் மேஜையை விட்டு எழுந்து போங்கள். வாட்ஸ்அப் குழுவில் வரும் வதந்தியைவிட அங்கே காதில் விழுவது உருப்படியாக இருக்கும்.

அப்புறம், உங்கள் கம்பெனியில் ஐ.ஜி. மெட்டால் என்ற உலோகத் தொழிலாளர் சங்கம் உள்ளதா என்று பாருங்கள். சந்தா மொத்தச் சம்பளத்தில் 1 சதவீதம். வழக்குக்குச் சட்ட உதவி சேர்ந்து 3 மாதம் ஆன பிறகுதான், அதனால் கடிதம் வரட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் இந்த மாதமே சேர்ந்துவிடுங்கள்.