நார்ஃபோக்கில் அடிக்கிறவனை ஏன் மேலே எடுப்பதில்லை?

கேள்வி: நார்ஃபோக் நகரத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். பேஸ்பாலில் பால்டிமோர் ஓரியோல்ஸ் ரசிகன். அவர்களுடைய மைனர் லீக் பையன்களை, அதாவது நார்ஃபோக் டைட்ஸ் மாதிரிக் கீழ்நிலை அணிகளில் ஆடுகிறவர்களை, சீசன் முழுக்கத் தினமும் பின்தொடர்கிறேன். நன்றாக அடிக்கிறவனை மேலே, மேஜர் லீக் அணிக்கு, எடுப்பதே இல்லை. நாளைய நட்சத்திரங்கள் என்று போடும் பட்டியலில் முதல் இடம் என்று கொண்டாடப்பட்ட ஜாக்சன் ஹாலிடேயை எடுத்தார்கள், சொதப்பினார். மற்றவர்களை வேறு அணிகளுக்குத் தள்ளிவிடுகிறார்கள். இந்தப் பட்டியல்களே ஏமாற்று வேலைதானே?
– ஒரு வாசகர், வர்ஜீனியா பீச்

பதில்: நன்றாக அடித்தும் எடுக்கவில்லை என்று ஒரு வரியில் கோபம். எடுத்தவர் சொதப்பினார் என்று அடுத்த வரியில் கோபம். இரண்டுக்கும் நடுவில் நிர்வாகம் எங்கே போய் நிற்கும், சொல்லுங்கள்?

ஹாலிடேயை முதலில் பார்த்துவிடுவோம். 2022 டிராஃப்டில் (அணிகள் முறைவைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுப்பது) நாட்டிலேயே முதல் ஆளாக எடுக்கப்பட்டவர். 2023-ல் டெல்மார்வா, அபர்டீன், பௌவி, நார்ஃபோக் என்று மைனர் லீக்கின் நான்கு படிகளையும் ஒரே சீசனில் ஏறினார். அப்போது வயது 19. 2024 ஏப்ரல் 10 அன்று மேஜர் லீக்கில் இறங்கினார். 10 ஆட்டங்களில் 34 முறை பேட் பிடித்து 2 ஹிட் (பேஸ் எட்டிய அடி), 18 ஸ்ட்ரைக்-அவுட் (பந்தை அடிக்க முடியாமலே அவுட்). திரும்பவும் நார்ஃபோக். உங்கள் கடிதத்தில் கதை இங்கேயே முடிந்துவிடுகிறது. ஆனால் ஜூலை 31-ல் மறுபடி அழைத்தார்கள், அன்றைக்கே கிராண்ட் ஸ்லாம் (ஒரே அடியில் நான்கு ரன் தரும் ஹோம் ரன்) அடித்தார். அதற்காக அவரை மேதை என்றும் சொல்லிவிட வேண்டாம். அந்த ஆண்டு மொத்தத்தில் அவருடைய ஆவரேஜ் (பேட் பிடித்ததில் எத்தனை பங்கு ஹிட் என்ற கணக்கு) .200-ஐக்கூடத் தொடவில்லை. 2025-ல்தான் இரண்டாவது பேஸில் நிலையாக நின்று ஆடினார். 20 வயதுப் பையனுக்கு 34 வாய்ப்பில் தீர்ப்பு எழுதிவிட்டு, பட்டியல் போட்டவனை ஏமாற்றுக்காரன் என்றால் எப்படி?

நார்ஃபோக்கில் நின்று பார்த்தால் தெரியாத விஷயம் ஒன்றும் உண்டு. அந்தக் காலகட்டத்தில் ட்ரிபிள்-ஏ-வில் (மைனர் லீக்கின் உச்சப் படி, நார்ஃபோக் ஆடுவது அங்கேதான்) பல ஆட்டங்களில் ஸ்ட்ரைக்கா பாலா (கட்டத்துக்குள் வந்த பந்தா, வெளியே போனதா) என்பதை இயந்திரம் சொன்னது. மேலே மனித நடுவர். எந்தப் பந்தை விடலாம் என்ற கணக்கிலேயே வளர்ந்த பையனுக்கு மேலே போனதும் அந்தக் கட்டமே கொஞ்சம் மாறிவிட்டது. பந்து போடுகிறவர்கள் வேறு மனிதர்கள் என்பது தனி.

சரி, ஏன் எடுப்பதில்லை என்ற கேள்விக்கு வருவோம். இதை நம் ரஞ்சி ஆட்டம்போல நினைத்துக்கொண்டு பார்க்கிறவர்கள் நிறைய. ரஞ்சியில் தமிழ்நாடு ஜெயிப்பதே தமிழ்நாட்டுக்கு நோக்கம். நார்ஃபோக் டைட்ஸ் ஜெயிப்பது ஓரியோல்ஸுக்கு நோக்கமே இல்லை. 30 மேஜர் லீக் அணிகளுக்குத் தலா 4 என்று 120 அணிகள் இருக்கின்றன. அதற்கும் கீழே ஃப்ளோரிடா, அரிசோனா பயிற்சி வளாக லீக்குகள், டொமினிக்கன் குடியரசில் ஒரு கோடைக்கால லீக். எல்லாமே மேலே ஆள் அனுப்புவதற்காக நடப்பவை. 1920-களில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியை நடத்திய பிராஞ்ச் ரிக்கி தொடங்கி வைத்த ஏற்பாடு இது. யார் எத்தனை பந்து போட வேண்டும், எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பது பால்டிமோரிலிருந்து வருகிறது. நார்ஃபோக்கில் ஒருவர் அடிக்கும் ஹோம் ரன், அவரை மேலே எடுக்க வேண்டும் என்பதற்கு ஒரு காரணம், அவ்வளவுதான். மேலே காலி இடம் இருக்க வேண்டும். அப்புறம் காசுக் கணக்கு இருக்கிறது, அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

மேஜர் லீக் அணியில் 172 நாள் இருந்தால் ஒரு ஆண்டு பணி என்று கணக்கு. ஆறு ஆண்டு முடிந்தால் வீரர் விரும்பிய அணிக்குப் போகலாம். அதனால் சீசன் தொடக்கத்தில் இரண்டு வாரம் கீழே உட்கார வைத்தால், அணிக்கு அந்த வீரர் இன்னொரு முழு ஆண்டு கிடைப்பார். 2015-ல் சிகாகோ கப்ஸ் கிரிஸ் பிரையன்டுக்குச் செய்தது இதைத்தான். பயிற்சி ஆட்டங்களில் 9 ஹோம் ரன் அடித்தவரை கீழே அயோவா அணிக்கு அனுப்பினார்கள், ஏப்ரல் 17-ல் அழைத்துக்கொண்டார்கள். ஆண்டு முடிவில் அவர் கணக்கில் 171 நாள். ஒரே ஒரு நாள் குறைவு! அவர் முறையிட்டார், 2020-ல் புகாரை விசாரித்த நடுவர் தள்ளுபடி செய்துவிட்டார். பிறகு அணிகளும் வீரர்கள் சங்கமும் போட்ட 2022 ஒப்பந்தத்தில் இதற்கு ஓரளவு கடிவாளம் போட்டார்கள். மேஜர் லீக்கின் இரண்டு பிரிவுகளில் ஒவ்வொன்றிலும் சிறந்த புதுமுகம் வாக்கெடுப்பில் முதல் இரண்டு இடம் வருகிறவருக்கு முழு ஆண்டு பணி உண்டு. 2024 மே 11 அன்றுதான் பிட்ஸ்பர்க் அணிக்கு ஆட வந்த பால் ஸ்கீன்ஸுக்கு அப்படித்தான் முழு ஆண்டு கிடைத்தது. நல்ல பையனைத் தொடக்கத்திலிருந்தே ஆடவைத்த அணிக்குக் கூடுதலாக ஒரு டிராஃப்ட் இடமும் கிடைக்கலாம். உங்கள் ஓரியோல்ஸுக்கே கன்னர் ஹெண்டர்சன் மூலம் அது கிடைத்தது. ஆகவே, அடுத்த முறை ஏப்ரலில் ஒருவரை மேலே எடுக்கவில்லை என்றால், அவருடைய ஆவரேஜைப் பார்ப்பதற்கு முன்னால் காலண்டரைப் பாருங்கள்.

ஆவரேஜ் என்றதும் ஞாபகம் வருகிறது. தினமும் பின்தொடர்கிறேன் என்கிறீர்களே, எதைப் பின்தொடர்கிறீர்கள்? ட்ரிபிள்-ஏ ஆட்டம் நடக்கும் அல்புகர்க்கி கடல்மட்டத்துக்கு 5,000 அடிக்கு மேலே இருக்கிறது. ரீனோவும் நல்ல உயரம். அங்கே காற்று லேசு, பந்து பறக்கும். அங்கே அடிக்கும் .300-ம், நார்ஃபோக்கில் ஆற்றங்கரை மைதானத்தில் அடிக்கும் .300-ம் ஒன்றில்லை. அதைவிட முக்கியம் வயது. டபுள்-ஏ-வில் (ட்ரிபிள்-ஏ-வுக்கு ஒரு படி கீழே) 20 வயதுப் பையன் .250 அடிப்பது, 26 வயதுக்காரர் .310 அடிப்பதைவிட நல்ல செய்தியாக இருக்கலாம். முதலாமவர் தன்னைவிட மூத்தவர்களோடு மோதுகிறார், இரண்டாமவர் தன்னைவிட இளையவர்களை அடிக்கிறார். நான் என்றால் முதலில் வயது, அடுத்து படி, அதற்கடுத்து எத்தனை வாக் (நான்கு பாலை விட்டு, அடிக்காமலே முதல் பேஸுக்குப் போவது), எத்தனை ஸ்ட்ரைக்-அவுட் என்றுதான் பார்ப்பேன். பந்தைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தவருக்கு மேலே போனாலும் அது கூடவே வரும். ஹோம் ரன் எண்ணிக்கையைக் கடைசியில் பார்த்தால் போதும்.

இப்போது பட்டியல். அதை நீங்கள் பிளஸ் டூ ரிசல்ட் பார்ப்பதுபோலப் பார்க்கிறீர்கள்: முதல் மார்க் வாங்கியவனுக்கு சீட் நிச்சயம் என்று. அது ஊகங்களை வரிசைப்படுத்திய தாள். டிராஃப்டும் அப்படித்தான். 1991-ல் முதல் ஆளாக நியூயார்க் யாங்கீஸ் எடுத்த பிரையன் டெய்லருக்கு 15.5 லட்சம் டாலர் கொடுத்தார்கள். 1993 டிசம்பரில் ஒரு கைகலப்பில் பந்து போடும் தோள் போனது. மேஜர் லீக்கில் ஒரு பந்துகூடப் போடவில்லை. 2013-ன் முதல் ஆள் மார்க் அப்பெல் நடுவில் ஆட்டத்தையே விட்டுவிட்டு, 2022-ல் 30 வயதில்தான் ஃபிலடெல்ஃபியாவுக்காக மேலே வந்தார். எதிர்ப்பக்கமும் பாருங்கள். ஆல்பர்ட் பூஹோல்ஸ் 1999-ல் 13-வது சுற்று. பின்னால் 703 ஹோம் ரன். மைக் பியாட்சா 1988-ல் 62-வது சுற்று. அதுவும் டாட்ஜர்ஸ் மேலாளர் டாமி லசோர்டா அவருடைய அப்பாவின் நண்பர் என்பதால் எடுத்தது. பியாட்சா 2016-ல் ஹால் ஆஃப் ஃபேமில் (சாதனையாளர்களுக்கான கௌரவ அரங்கு) சேர்ந்தார். இப்போது டிராஃப்டே 20 சுற்றுதான், 62-வது சுற்று என்ற கதவு மூடியாகிவிட்டது. உங்கள் அணியிலேயே 2019 டிராஃப்டில் முதல் ஆள் ஆட்லி ரட்ச்மன். 2023-ன் சிறந்த புதுமுகமான ஹெண்டர்சன் அதே டிராஃப்டில் 42-வது ஆள். பட்டியல் பொய் சொல்லவில்லை. நீங்கள் கேட்காத கேள்விக்கு அது பதில் சொல்கிறது.

ஒரு சின்னக் குறை. உங்கள் கடிதத்தில் பட்டியலில் இருப்பவர்களைத் தவிர வேறு யாருமே இல்லை. டைட்ஸ் அணியில் எந்த ராத்திரியும் ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் எந்தப் பட்டியலிலும் இல்லாதவர்கள். பட்டியலில் உள்ள நாலைந்து பேர் ஆட வேண்டும் என்றால் மிச்சம் பேர் களத்தில் நிற்க வேண்டும். மைனர் லீக் வீரர்கள் 2022-ல் வீரர்கள் சங்கத்தில் சேர்ந்து, 2023-ல் முதல் ஒப்பந்தம் போட்ட பிறகுதான் ட்ரிபிள்-ஏ-வில் குறைந்தபட்சச் சம்பளம் ஆண்டுக்கு 35,800 டாலர் ஆனது, நான்கில் கடைசிப் படியான சிங்கிள்-ஏ-வில் 26,200. அதே ஆண்டு மேஜர் லீக்கில் குறைந்தபட்சம் 7,20,000. அதற்கு முன்னால் கீழ்ப்படிகளில் கிடைத்தது இதில் பாதிகூட இல்லை. 2008-ல் பிட்ஸ்பர்க் அணி ஒப்பந்தம் செய்த நம் உத்தரப் பிரதேசத்துப் பையன்கள் ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரும் அந்தக் கீழ்ப்படிகளில்தான் ஆடினார்கள். (ஐபிஎல் ரிங்கு சிங் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். இவர் பின்னால் மல்யுத்த மேடைக்குப் போய்விட்டார்.) செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஒரே எதிரணியோடு ஆறு ஆட்டம், திங்கள் விடுமுறை என்று ஓடுகிறது மைனர் லீக் வாரம். செவ்வாய் போட்ட பிட்சர் பெரும்பாலும் ஞாயிறு அதே ஆட்களுக்குத் திரும்பப் போடுவார். பக்கத்தில் இருக்கிறீர்கள், ஒரு செவ்வாயும் அந்த ஞாயிறும் போய்ப் பாருங்கள். முதல் நாள் அடி வாங்கிய பந்தை இரண்டாம் நாள் எங்கே போடுகிறார் என்பது எந்த ஸ்கோரிலும் வராது.

கடைசியாக, தள்ளிவிடுகிறார்கள் என்ற புகார். இதில் உங்களோடு பாதிதான் உடன்படுவேன். மைனர் லீக் பையன் ஓர் அணிக்கு நாளைய வீரர் மட்டுமில்லை, கையிருப்புக் காசும்தான். 2024 பிப்ரவரியில் ஜோயி ஓர்டிஸ், டி. எல். ஹால் இருவரையும் மில்வாக்கிக்குக் கொடுத்து பிட்சர் கார்பின் பர்ன்ஸை வாங்கினார்கள். அவர் ஒரு சீசன் ஆடிவிட்டு அரிசோனாவுக்குப் போய்விட்டார். இதற்குக் கோபப்படுங்கள், நியாயம். ஆனால் அதே ஆண்டு ஜூலையில் கைல் ஸ்டவர்ஸ், கானர் நார்பி இருவரையும் மயாமிக்குக் கொடுத்து பிட்சர் ட்ரெவர் ராஜர்ஸை வாங்கியபோது எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். வந்த புதிதில் ராஜர்ஸ் அடி வாங்கி, அவரையே நார்ஃபோக்குக்கு அனுப்பும்படி ஆயிற்று. 2025-ல் ஸ்டவர்ஸ் மயாமியின் ஆல்-ஸ்டார். ராஜர்ஸோ 18 ஆட்டங்களில் 1.81 என்ற ரன் சராசரியோடு (ஒன்பது இன்னிங்ஸுக்குக் கொடுத்த ரன், குறைந்தால் நல்லது) பால்டிமோரின் நம்பர் ஒன் பிட்சர். இதில் யார் ஏமாந்தார்கள் என்று நீங்களே எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன். ஒரே நிபந்தனை: 2024 செப்டம்பரில் உங்கள் பதில் என்னவாக இருந்திருக்கும் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.