பேரனுக்கு இழுப்பு, எனக்கு சுகர்: டிசம்பரில் தீம் பார்க் போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 62. அம்பாசமுத்திரத்தில் இருக்கிறேன். சுகர், பிரஷர் இரண்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். மூட்டு வலியும் உண்டு. மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். அரையாண்டு லீவுக்குப் பாளையங்கோட்டையில் இருக்கும் மகள் குடும்பத்தோடு அங்கே போய், ஒரு நாள் முழுக்கத் தீம் பார்க்கில் இருப்பதாகப் பேச்சு. மகள் பையனுக்கு 8 வயது. பனி விழ ஆரம்பித்தாலே இழுப்பு வரும், இன்ஹேலர் வைத்திருக்கிறான். தண்ணீரில் ஆட வேண்டும் என்று இப்போதே குதிக்கிறான். அந்தக் குளிரில் அவனைத் தண்ணீரில் இறக்கலாமா? நாள் முழுக்க நடந்தால் எனக்கு சுகர் இறங்கிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அன்றைக்கு மட்டும் மாத்திரையை விட்டுவிடலாமா? என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள் அம்மா. இழுப்பு இப்போது கட்டுக்குள் இருந்தால் பேரன் தண்ணீரில் ஆடலாம். மாத்திரையை மட்டும் நீங்களாக விட்டுவிடக் கூடாது. மாத்திரைக் கதையைப் பிறகு சொல்கிறேன், முதலில் குளிரைப் பார்த்துவிடுவோம்.

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் விடியற்காலை 15, 16 டிகிரி இருக்கும். மார்கழி விடியலில் 21, 22 டிகிரி வந்தாலே மப்ளர் தேடுகிறவர்கள் நாம், அதனால் அது உறைக்கத்தான் செய்யும். ஆனால் மதியம் அங்கே 26, 27 டிகிரிக்கு ஏறிவிடும். வெயிலில் நின்றால் ஸ்வெட்டர் கசகசக்கும். ஆகவே பகல் நேரக் காற்றைப் பார்த்து நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது ஈரத்துக்கு.

குற்றாலத்தில் குளித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. அருவிக்குள் நிற்கும்போது ஒன்றும் தெரியாது. வெளியே வந்து சாரல் காற்றில் துண்டைத் தேடும்போதுதான் பல் தந்தியடிக்கும். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துக்கொள்ளும். வெளியே வந்த பிறகு, தோலில் இருக்கிற ஈரம் ஆவியாகும்போது இன்னும் கொஞ்சம் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். காற்றும் வீசினால் கேட்கவே வேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்கு எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம் என்பதால், அவர்கள் நம்மைவிடச் சீக்கிரம் குளிர்ந்துபோவார்கள். ஆட்ட மும்முரத்தில் அவன் சொல்லவும் மாட்டான். உதடு நீலம் பாய்கிறதா, தாடை நடுங்குகிறதா, கூட்டத்தில் சேராமல் கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நிற்கிறானா என்று பெரியவர்கள்தான் பார்க்க வேண்டும். இதில் ஒன்று தெரிந்தாலும் அப்போதே வெளியே கொண்டுவந்துவிடுங்கள். 'இன்னும் ஒரே ஒரு தடவை' என்று கெஞ்சுவான், அசையாதீர்கள்.

தண்ணீர் ஆட்டத்தை வெயில் நன்றாக ஏறிய பிறகு ஆரம்பித்து, மூன்று மூன்றரைக்குள் முடித்துவிடுவது நல்லது. அங்கே டிசம்பரில் ஆறு மணிக்கே சூரியன் இறங்கிவிடும், நாலரைக்கெல்லாம் காற்றின் குணம் மாறிவிடும். பெரும்பாலானவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். பகலெல்லாம் ராட்டினத்துக்கு வரிசையில் நின்றுவிட்டு, சாயங்காலம் தண்ணீருக்குப் போய், ஈரத் தலையோடு வண்டி ஏறி, ஏசியையும் போட்டுக்கொள்கிறார்கள். நீங்கள் தண்ணீரை நடுப்பகலில் முடித்துவிட்டு, உடை மாற்றிச் சூடாக ஏதாவது சாப்பிட்ட பிறகு, காய்ந்த உடம்போடு மற்ற ராட்டினங்களுக்குப் போங்கள். சில பூங்காக்களில் குளத்துத் தண்ணீரைச் சூடாக்கியே விடுகிறார்கள். டிக்கெட் எடுக்கும்போதே அதையும், தண்ணீர் ராட்டினங்கள் ஓடும் நேரத்தையும் மகனை விசாரித்து வைக்கச் சொல்லுங்கள்.

உடை விஷயத்தில் நம் ஊர் வழக்கம் பருத்தி. வெயிலுக்கு அது சரி. நனைந்துவிட்டால் பருத்தி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு காயவே காயாது. தண்ணீருக்குள் நைலான் உடைதான் சரி, பல இடங்களில் அதைத்தான் அனுமதிக்கவும் செய்வார்கள். வெளியே ஒரே தடிமனான ஸ்வெட்டரைவிட, மெல்லியதாக இரண்டு மூன்று உடுப்பு வசதி. வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகக் கழற்றலாம், இறங்க இறங்கப் போட்டுக்கொள்ளலாம். பையனுக்கு இரண்டு செட் உலர்ந்த உடுப்பு, பெரிய துண்டு இரண்டு, உள்ளாடை, காலுறை தனியாக ஒரு பிளாஸ்டிக் பையில் இருக்கட்டும். ஒரே துண்டு என்றால் இரண்டாவது முறை அதுவே நனைந்திருக்கும்.

தலை நனைந்தால் சளி பிடிக்கும் என்று ஆச்சிமார் எல்லாரும் சொல்வீர்கள். சளியைக் கொடுப்பது வைரஸ். வரிசையில் முன்னால் நிற்பவர் தும்முவதும், எல்லாரும் பிடித்த கம்பியை இவன் பிடித்துவிட்டு மூக்கைத் தொடுவதும்தான் அதற்கு வழி. ஆகவே சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வையுங்கள். தலையைத் துவட்ட வேண்டியது குளிர் தெரியாமல் இருப்பதற்காக. காதுக்குள் பட்ஸ் விடாமல், தலையைச் சாய்த்துத் துண்டின் நுனியால் ஒற்றினால் போதும்.

இழுப்புக்கு வருவோம். குளிர்ந்த வறண்ட காற்றை வேகவேகமாக இழுக்கும்போது மூச்சுக்குழாய் சுருங்கும். ஓட்டம், சிரிப்பு, கத்தல், குளோரின் வாடை எல்லாம் அதோடு சேரும். தடுப்பு இன்ஹேலர் தினமும் எடுக்கிறான் என்றால் பயணத்தைச் சாக்காக வைத்து ஒரு நாள்கூட விடக் கூடாது. போவதற்கு இரண்டு வாரம் முன்பு அவனுடைய டாக்டரிடம் ஒருமுறை காட்டி, ஆட்டத்துக்கு 15 நிமிடம் முன்னால், இழுப்பை உடனே தணிக்கும் சால்பூட்டமால் இன்ஹேலர் அடித்துக்கொள்ளலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல பிள்ளைகளுக்கு அது நல்ல காவல். கடந்த சில வாரங்களில் ராத்திரி இருமி எழுகிறான், வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் இந்த சால்பூட்டமால் தேவைப்படுகிறது என்றால், தண்ணீர் ஆட்டத்தை முடிவு செய்யும் முன் மருந்தைச் சரிசெய்ய வேண்டும்.

நடைமுறையில் கோட்டை விடுகிற இடம் ஒன்று உண்டு. இன்ஹேலரைப் பையில் போட்டு, பையை லாக்கரில் பூட்டி, சாவியைக் கையில் கட்டிக்கொண்டு எல்லாரும் தண்ணீருக்குள் போய்விடுவார்கள். இழுப்பு வரும்போது லாக்கர் அரை கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும். நீங்கள் எப்படியும் கரையில்தான் உட்காரப் போகிறீர்கள் என்றால் சால்பூட்டமால் இன்ஹேலர், ஸ்பேசர் (இன்ஹேலரில் மாட்டும் குழாய்), துண்டு மூன்றும் உங்கள் மடியில் இருக்கட்டும். ஊரிலிருந்து கிளம்பும் முன் காலாவதித் தேதியைப் பாருங்கள். நாளாகி எடுத்த இன்ஹேலர் என்றால் நன்றாகக் குலுக்கி, காற்றில் இரண்டு தடவை அடித்துப் பார்த்துவிட்டுக் கொடுக்க வேண்டும். இழுப்பு வந்தால் உட்கார வைத்து, ஸ்பேசர் வழியாக சால்பூட்டமால் ஒவ்வொரு பஃப்பாக நான்கு பஃப். ஒவ்வொன்றுக்கும் நாலைந்து மூச்சு. நாலைந்து நிமிடத்தில் அடங்காவிட்டால் மறுபடி நான்கு கொடுத்துக்கொண்டே பூங்காவின் முதலுதவி அறைக்குச் சொல்லி அனுப்புங்கள். ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியவில்லை, விலா உள்ளே இழுக்கிறது, உதடு நீலமாகிறது என்றால் காத்திருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். கர்நாடகத்திலும் அதே எண்தான்.

இனி உங்கள் மாத்திரை. எந்த மாத்திரை என்று எழுதவில்லை, அதனால் அட்டையைத் திருப்பி மருந்துப் பெயரைப் படியுங்கள். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சுகர் இறங்கும் வாய்ப்பு குறைவு. கிளிமெபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு என்று இருந்தாலோ, இன்சுலின் போட்டுக்கொண்டாலோ, நாள் முழுக்க நடந்து சாப்பாடும் தள்ளிப்போனால் இறங்கத்தான் செய்யும். உங்கள் பயம் நியாயம். அதற்கு வழி, நீங்களாக விடாமல், உங்கள் டாக்டரிடம் போய் 'இப்படி ஒரு நாள் அலைச்சல், அளவைக் குறைக்கலாமா' என்று கேட்பது. குறைக்கச் சொன்னால் குறையுங்கள். காலைச் சாப்பாட்டைச் சாப்பிடாமல் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு கிளம்பவே கூடாது. இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை சுண்டலோ, நாலு பிஸ்கட்டோ, ஒரு பழமோ சாப்பிடுங்கள்.

குளிர்காலத்தில் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். சுகர் இறங்கினாலும் உடம்பு நடுங்கும், குளிரிலும் நடுங்கும். பக்கத்தில் இருப்பவர்கள் 'அம்மாவுக்குக் குளிருது' என்று சால்வையைப் போர்த்திவிட்டுப் போய்விடுவார்கள். குளிர் நடுக்கம் என்றால் தோல் காய்ந்து, மயிர்க்கூச்செறிந்து இருக்கும். சுகர் இறங்கிய நடுக்கத்தில் நெற்றியும் பிடரியும் சில்லென்று வியர்த்திருக்கும். நெஞ்சு படபடக்கும், பசிக்கும், எரிச்சல் வரும், பேச்சு குழறும். பிரஷருக்கு அட்டெனோலால், மெட்டோபுரோலால் வகை மாத்திரை சாப்பிட்டால் நடுக்கமும் படபடப்பும் மறைந்துபோகலாம், வியர்வை மட்டும் காட்டிக்கொடுக்கும். சால்வைக்குள் வியர்த்தால் சுகர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். குளுக்கோமீட்டர் கையில் இருந்தால் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால், பார்க்க வழியில்லை என்றாலும், மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. சரியானதும் இட்லியோ பிரெட்டோ கொஞ்சம் சாப்பிட்டுவிடுங்கள். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்று மகளிடம் சொல்லி வையுங்கள்.

மகனுக்கு அல்வா எடுத்துப் போவீர்கள், அதையே அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். வேண்டாம். அவ்வளவு நெய் சேர்ந்த இனிப்பு ரத்தத்தில் ஏற நேரமாகும், சாக்லேட்டும் அப்படித்தான். சுகர் இறங்கும்போது அல்வா உதவாது, இறங்காதபோது அல்வா ஆகாது. உங்களுக்கும் அதற்கும் அவ்வளவுதான் உறவு. சுக்கு வெந்நீர் பிளாஸ்கில் எடுத்துப் போங்கள், நன்றாக இருக்கும். கருப்பட்டி போட்டால் அதுவும் சர்க்கரைக் கணக்கில்தான் வரும். உடன்குடிக் கருப்பட்டி என்றாலும் கணையத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்குவதால் பிரஷர் கொஞ்சம் ஏறும், சிறுநீரும் அடிக்கடி வரும். பாத்ரூம் தேட வேண்டுமே என்று பெண்கள் தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். அப்படி இருந்தால் சாயங்காலம் தலைசுற்றலில்தான் முடியும். தாகம் தெரியாவிட்டாலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருங்கள். மூக்கடைப்புக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் சளி மாத்திரைகள் பலவற்றில் பிரஷரை ஏற்றும் மருந்து உண்டு, அவை வேண்டாம். மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் போடுவதும் அப்படித்தான். சுகரும் பிரஷரும் இருக்கிறவர்களின் சிறுநீரகத்துக்கு அது நல்லதல்ல. பாராசிட்டமால் போதும். சக்கர நாற்காலி கிடைக்குமா என்று கேட்டு வையுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தலைகீழாகப் புரட்டுகிற ராட்டினங்கள், ரோலர் கோஸ்டர் எதுவும் உங்களுக்கு வேண்டாம். வாசலில் பலகையில் இதய நோய், பிரஷர், முதுகுவலி என்று எழுதியிருப்பது வெறும் சடங்குக்காக அல்ல. பேரன் சாப்பிட்ட கையோடு அதில் ஏறினால் வாந்திதான்.

பாதத்தைப் பற்றிக் கடைசியாக. நீண்ட நாள் சுகர் உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி மந்தமாக இருக்கும். கரையில் உட்கார்ந்திருக்கும்போதும் வெறுங்காலோடு இருக்காதீர்கள். புதுச் செருப்பை அன்றைக்கு முதன்முதலாகப் போடாதீர்கள். காலுறை நனைந்தால் உடனே மாற்றுங்கள், விரலிடுக்கைத் துடைத்துக் காய வையுங்கள். ராத்திரி மகன் வீட்டில் கால் சில்லென்று இருக்கிறதே என்று வெந்நீர்ப் பையையோ ஹீட்டரையோ காலுக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. சூடு தெரியாமலே கொப்புளித்துவிடும். காலுறை போட்டு, போர்வையைக் காலோடு சுற்றிக்கொள்ளுங்கள்.

நாகர்கோவில் ரயிலில் போனாலும் பஸ்ஸில் போனாலும் ராத்திரிப் பயணம்தான். போய் இறங்கிய அன்றே பூங்காவுக்குக் கிளம்பாமல், ஒரு நாள் தூங்கி எழுந்து மறுநாள் போங்கள். பயணத்தில் கணுக்காலை அவ்வப்போது ஆட்டிக்கொண்டிருங்கள். மருந்துப் பையைப் பெட்டிக்குள் வைக்காமல் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். ஊர் திரும்பியதும் இரண்டு பாதத்தையும் மகளை நல்ல வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள். சின்னக் கொப்புளம் இருந்தாலும் ஊசியால் குத்தாமல், அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.