கியர்பாக்ஸை மூன்றாவது முறை இறக்கும் முன்

கேள்வி: என்னிடம் 1998 மாடல் மாருதி 800 இருக்கிறது. கார்பரேட்டர் வண்டி, அப்பா வாங்கியது, விற்க மனம் வரவில்லை. வீடு திருமங்கலம், கடை மதுரையில் என்பதால் தினமும் ஓடுகிறது. இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்குக் கீழே ஆயில் சொட்டுகிறது. பின்பக்க ஆயில் சீல் போய்விட்டது என்று இரண்டு முறை கியர்பாக்ஸை இறக்கி மாற்றினார்கள். கொஞ்ச நாளில் பழைய கதைதான். ராத்திரி நின்றால் அட்டையில் நாலைந்து சொட்டு விழுகிறது. ஆனால் 1000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் ஊற்றுகிறேன். இப்போது இன்ஜினையே இறக்கிப் பார்க்கலாம் என்கிறார் மெக்கானிக். சரி என்று சொல்லலாமா?

பதில்: இப்போதைக்குச் சொல்லாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதிலேயே ஒரு கணக்கு உதைக்கிறது. ஒரு சொட்டு ஆயில் ஏறக்குறைய 0.05 மில்லி. இருபது சொட்டு சேர்ந்தால்தான் ஒரு மில்லி. ராத்திரிக்கு ஐந்து சொட்டு என்றால் மாதம் முழுக்கச் சேர்த்தாலும் பத்து மில்லியைத் தொடாது. அப்படியானால் அந்த அரை லிட்டர் எங்கே போகிறது? ஒன்று, வண்டி ஓடும்போது மட்டும் ஏதோ ஓர் இடத்தில் நிறைய வெளியேறுகிறது. அல்லது இன்ஜினுக்குள்ளேயே எரிகிறது. இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். நின்றபின் விழும் சொட்டை மட்டும் வைத்து முடிவெடுத்ததால்தான் உங்கள் கியர்பாக்ஸ் இரண்டு முறை தரைக்கு வந்திருக்கிறது என்பது என் ஊகம்.

எரிகிறதா என்பதைப் பார்ப்பது சுலபம். காலையில் முதல் ஸ்டார்ட்டில் சைலன்சரில் நீலப் புகை வந்து சற்று நேரத்தில் அடங்கினால் வால்வ் சீல் மீது சந்தேகப்படலாம். ரோட்டில் ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங். காருக்குள் இருந்தபடி இது தெரியாது. பின்னால் பைக்கில் வரும் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது கசிவு. ஆயில் கீழ்நோக்கி ஓடும். வண்டி ஓடும்போது அடிக்கும் காற்று அதைப் பின்பக்கமாகவும் தள்ளும். ஆகவே சொட்டு விழும் இடத்துக்கும் கசியும் இடத்துக்கும் பெரும்பாலும் சம்பந்தம் இருக்காது. நனைந்திருக்கும் இடங்களிலேயே மிக உயரமான இடம் எதுவோ, அங்கேதான் தேட வேண்டும். உங்கள் வண்டியில் இது இன்னும் முக்கியம். 800-ன் மூன்று சிலிண்டர், 796 சிசி இன்ஜின் குறுக்குவாட்டில் உட்கார்ந்திருக்கிறது. பட்டறையில் டெல்கோ என்று சொல்கிறார்களே, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் அந்த டிஸ்ட்ரிபியூட்டர் ஹெட்டின், அதாவது இன்ஜினின் மேல்பகுதியின், கியர்பாக்ஸ் பக்கத்து முனையில் இருக்கிறது. அதன் ஓ ரிங் (ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம்) காய்ந்து கசிந்தால் ஆயில் ஹெட்டின் ஓரமாக இறங்கி, கியர்பாக்ஸ் சேரும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கீழே போய்ச் சொட்டும். கீழிருந்து பார்ப்பவருக்கு அது அச்சு அசலாகப் பின் சீல் கசிவு மாதிரியே தெரியும். ஹெட்டின் மேல் மூடியான டேப்பட் கவரின் பேக்கிங்கில் அந்தப் பக்கத்து மூலையும் இதே வேலையைச் செய்யும். கார்பரேட்டர் மாடல் என்பதால் மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப் பொருந்தும் இடத்தின் பேக்கிங்கையும் இந்தப் பட்டியலில் சேருங்கள்.

இதையெல்லாம் இப்போதே போய்ப் பார்த்தால் ஒன்றும் புரியாது. உங்கள் பக்கத்துக் கரிசல் புழுதியும் பழைய ஆயிலும் சேர்ந்து இன்ஜின் முழுக்கக் கறுப்பாக அப்பியிருக்கும். அதனால் முதல் வேலை கழுவுவது. பலரும் தவிர்க்கும் வேலையும் இதுதான். இதைத் தவிர்த்துவிட்டு யார் எந்தப் பாகத்தை மாற்றச் சொன்னாலும் நம்பாதீர்கள். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு டிஸ்ட்ரிபியூட்டர், கார்பரேட்டர், ஆல்டர்னேட்டர் மூன்றையும் பிளாஸ்டிக் பையால் இறுகக் கட்டுங்கள். டீசலோ மண்ணெண்ணெயோ தொட்டு, பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தேய்த்து, காட்டன் வேஸ்ட்டால் துடைத்து எடுங்கள். பெட்ரோல் வேண்டாம், ஒரு தீப்பொறி போதும். வாட்டர் சர்வீஸில் விட்டால் இன்ஜின் மேல் பிரஷர் தண்ணீரை நேராக அடிக்க வேண்டாம் என்று கூடவே நின்று சொல்லுங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஈரம் இறங்கினால் அன்று வண்டி வீடு திரும்பாது. துடைத்ததும் டீசல் வாடை போகும்வரை பானட்டைத் திறந்தே வைத்துக் காயவிட்டு, அப்புறம்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

காய்ந்ததும் டேப்பட் கவர் ஓரம், டிஸ்ட்ரிபியூட்டர் அடி, பெட்ரோல் பம்ப் ஓரம், ஆயில் பிரஷர் ஸ்விட்ச், ஆயில் ஃபில்டர் விளிம்பு என எல்லா இடத்திலும் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவுங்கள். பிறகு கப்பலூர் வழியாக மதுரைக்கு ஒரு நடை போய்விட்டு வந்து, இன்ஜின் சூட்டில் கை பட்டுவிடாமல் டார்ச் அடித்துப் பாருங்கள். ஆயில் வந்த இடத்தில் பவுடர் கறுத்துக் கோடு இழுத்திருக்கும். அந்தக் கோட்டைப் பிடித்து மேலே ஏறினால் அது தொடங்கும் இடம் கிடைக்கும். கசிவு ரொம்ப மெதுவாக இருந்தால் ஒரே நாளில் தெரியாது, மறுநாளும் பாருங்கள். இதற்கென்றே ஆயிலில் கலக்கும் சாயமும் புற ஊதா டார்ச்சும் விற்கிறார்கள். சாயத்தை ஊற்றி இரண்டொரு நாள் ஓட்டிவிட்டு இருட்டில் அந்த டார்ச்சை அடித்தால் கசியும் இடம் பச்சை மஞ்சளாக ஒளிரும். பவுடரில் சிக்காத கசிவுக்கு இது நல்ல வழி. வாங்கும்போது இன்ஜின் ஆயிலுக்கானதுதானா என்று கேட்டு வாங்குங்கள்; ஏசி கேஸுக்கான சாயமும் பக்கத்திலேயே இருக்கும்.

கீழே பார்க்க வேண்டுமென்றால் ராம்ப் இருக்கும் இடத்துக்குப் போங்கள். ஜாக்கியில் தூக்கி, செங்கல்லை முட்டுக் கொடுத்து அடியில் படுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வேலையே வேண்டாம். கீழே இருக்கும்போது சொட்டும் ஆயிலை விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். இன்ஜின் ஆயில் கறுத்திருக்கும். கியர் ஆயில் கெட்டியாக, கந்தக வாடையோடு மூக்கைச் சுளிக்க வைக்கும். அந்த வாடை வந்தால் கசிவது கியர்பாக்ஸின் சொந்த சீல். நீங்கள் இரண்டு முறை மாற்றியதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

கழுவியபின் டிஸ்ட்ரிபியூட்டர் அடியில் ஈரம் தெரிந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். ஓ ரிங் மலிவு, வேலையும் சின்னது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. கழற்றும் முன் டிஸ்ட்ரிபியூட்டர் எந்த நிலையில் நிற்கிறது, உள்ளே ரோட்டர் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதற்குப் பெயின்ட்டால் குறி வைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஆயில் நின்றுவிடும், ஆனால் டைமிங் மாறி வண்டி இழுக்காது. மூடியைக் கழற்றும்போது உள்ளேயும் ஆயில் இருந்தால் வெளி ஓ ரிங் மட்டும் போதாது. ஷாஃப்ட்டின் சீலும் போயிருக்கிறது.

டேப்பட் கவர் என்றால் இன்ஜின் சூட்டில் பல வருடம் வெந்த ரப்பர் பேக்கிங் வெயிலில் காய்ந்த வத்தல் மாதிரி ஒடியும். புதிதைப் போடுங்கள். கசிகிறதே என்று போல்ட்டை மேலும் மேலும் இறுக்குவார்கள்; தகரக் கவர் வளைந்து கசிவு கூடும். பேக்கிங்குக்குப் பதிலாக அனபாண்ட் என்னும் பிசினை அப்புவது இன்னும் மோசம். உள்பக்கம் பிதுங்கும் பிசின் பிய்ந்து ஆயிலோடு சேம்பருக்கு, அதாவது இன்ஜினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டிக்குப் போய், ஆயில் பம்பின் சல்லடையை அடைக்கும். கசிவை நிறுத்தப் போய் இன்ஜினைப் பிடிக்க வைத்த கதையாகிவிடும்.

ஓடும்போது மட்டும் நிறையப் போகிறது என்ற சந்தேகம் இருப்பதால் ஆயில் பிரஷர் ஸ்விட்ச்சை விசேஷமாகக் கவனியுங்கள். ஒற்றை வயர் போகும் சின்ன சாமான்தான். ஆனால் அழுத்தத்தோடு ஆயில் வந்து மோதும் இடம். உள்ளிருக்கும் சவ்வு கிழிந்தால் வயர் இணைப்பு வழியாகவே ஆயில் வெளியேறும். இன்ஜினை அணைத்ததும் நின்றுவிடும். ஆயில் ஃபில்டரும் அப்படித்தான். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் பிளாக்கிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் புதிய ஃபில்டரைப் போட்டு ஓட்டிய வண்டிகள் உண்டு.

இவ்வளவும் பார்த்து எல்லா இடமும் ஒரே மாதிரி லேசாக நனைந்திருந்தால் குற்றவாளி எந்த பேக்கிங்கும் இல்லை. ஓடும் இன்ஜினில் எரிந்த வாயு கொஞ்சம் ரிங் வழியாகக் கீழே இறங்கத்தான் செய்யும். அது வெளியேறுவதற்காகவே டேப்பட் கவரிலிருந்து ஒரு ரப்பர் ஹோஸ் போகிறது. அது அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, பலவீனமான சீல் எதுவோ அதன் வழியாக ஆயிலைத் தள்ளும். புது சீல் போட்டாலும் கொஞ்ச நாளில் அதே கதை திரும்பும். நீங்கள் சொல்வதும் இந்தக் கதைதானே! ஹோஸைக் கழற்றி டீசலில் அலசி, ஊதிப் பாருங்கள். உள்ளே பிளந்து மடங்கியிருந்தால் மாற்றுங்கள். பிறகு இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, துளை மேல் ஒரு மெல்லிய தாளைப் பிடியுங்கள். லேசாக ஒட்டினாலும் சும்மா நடுங்கினாலும் கவலையில்லை. ‘புஸ் புஸ்’ என்று தூக்கி எறிந்தால் ரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். கம்ப்ரஷன் டெஸ்ட் செய்துவிட்டுத்தான் மேற்கொண்டு பேச வேண்டும். டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டி ஆயில் நிற்கிறதா என்பதையும் பாருங்கள். குறைகிறதே என்று கூடுதலாக ஊற்றி வைப்பதும் கசிவைக் கூட்டும்.

மேலே எல்லாம் காய்ந்திருந்து, பெல் ஹவுசிங்கின் (இன்ஜினோடு சேரும் கியர்பாக்ஸ் கூட்டின்) அடியில் மட்டும் புது ஆயில் வந்தால் அது பின் சீலேதான். அப்போதும் அதற்காக இன்ஜினை இறக்க வேண்டியதில்லை; கியர்பாக்ஸை இறக்கினால் போதும். ஆனால் முந்தைய இரண்டு முறையும் செய்யாத ஒன்றை இந்த முறை செய்யச் சொல்லுங்கள். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்கில் சீலின் உதடு உரசும் இடத்தை நகத்தால் வருடிப் பார்க்க வேண்டும். நகம் சிக்குமளவு பள்ளம் இருந்தால் எத்தனை புது சீல் போட்டாலும் நிற்காது. ஹவுசிங்கில் இடம் இருந்தால் புது சீலை ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைக்கலாம். உதடு பள்ளம் இல்லாத இடத்தில் உரசும். சீலைத் தாங்கும் தட்டின் பேக்கிங்கையும் கூடவே மாற்ற வேண்டும். கசிவு பல நேரம் அதன் வழியாகவும் வரும். கிளட்ச் பிளேட்டில் ஆயில் ஏறியிருந்தால் அதையும் மாற்றுங்கள், துடைத்துப் போட்டால் வழுக்கும்.

கசிவை நிறுத்தும் திரவம் என்று டப்பாவில் விற்பதைப் பற்றியும் கேட்பீர்கள். ரப்பரை உப்ப வைத்துக் கொஞ்ச காலம் தள்ளும், அவ்வளவுதான். ஓ ரிங் கசிவுக்கு அது தண்டம். கெட்டியான ஆயிலுக்கு மாறுவதிலும் எனக்கு நம்பிக்கையில்லை. காரணம் அப்படியே இருக்கும், சொட்டு மட்டும் கொஞ்சம் தாமதமாக விழும்.

காரணம் கண்டுபிடிக்கும்வரை வாரத்துக்கு இரண்டு முறை காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது, டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். டேஷ்போர்டின் சிவப்பு ஆயில் விளக்கை நம்பியிருக்க வேண்டாம். அது ஆயில் அளவைக் காட்டுவதில்லை, அழுத்தம் விழுந்த பிறகுதான் எரியும். ஓட்டும்போது அது எரிந்தால் உடனே ஓரம் கட்டி இன்ஜினை அணையுங்கள், அடுத்த பெட்ரோல் பங்க் வரை போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். பானட் பக்கமிருந்து தீய்ந்த ஆயில் வாடையோ புகையோ வந்தாலும் அதேதான். சூடான மேனிஃபோல்டில் ஆயில் விழுகிறது என்று அர்த்தம்.

அப்புறம், மெக்கானிக்கிடம் சண்டைக்குப் போக வேண்டாம். வண்டியைக் கழுவி, பவுடர் போட்டு, கறுத்த கோட்டை போனில் படம் பிடித்துக் காட்டுங்கள். பேச்சு அங்கிருந்து தொடங்கட்டும்.