யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு வேர்ச்சுவல் அசிஸ்டன்டாக முதல் கிளையன்டைப் பிடிப்பது எப்படி?

ஏ.எல். முடித்து, ஒன்லைனில் ஒரு பயிற்சியும் முடித்து, ஒன்லைனில் வேலை தேடித் தரும் அப்வேர்க் தளத்தில் புரொஃபைல் போட்டு மாதக்கணக்காகியும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். காசு கட்டி இன்னொரு கோர்ஸ் படிக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேர்ச்சுவல் அசிஸ்டன்ட் என்றால், வேறு இடத்தில் தொழில் நடத்துகிறவர்களின் அலுவலக வேலைகளை வீட்டில் இருந்தே ஒன்லைனில் செய்து கொடுப்பவர். நான் கொக்குவிலில் இருந்து இந்த வேலையைச் சில வருடங்களாகச் செய்கிறேன். கோர்ஸ் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

முதல் கிளையன்டை அப்வேர்க்கில் தேடாதீர்கள். அது மோசமான தளம் என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே விண்ணப்பிக்க கனெக்ட்ஸ் என்ற டோக்கன்கள் வேண்டும், வாங்கினால் ஒன்று 15 அமெரிக்க சதம், ஒரு வேலைக்கே பல கனெக்ட்ஸ் போய்விடும். அதே வேலைக்கு ரிவியூ குவித்து வைத்திருக்கிற பிலிப்பைன்ஸ்காரர்கள் உங்களுக்கு முன்னால் நிற்பார்கள். ஃபைவர் என்ற இன்னொரு தளத்தில் 5 டொலர் உழைத்தால் 1 டொலர் அவர்களுக்கு. அதுகூடப் பரவாயில்லை, ரிவியூ இல்லாத ஆளுக்கு அந்த 5 டொலரும் லேசில் வராது. முதல் ஆள் வெளியில் இருந்துதான் வர வேண்டும். இரண்டு பேரிடம் வேலை செய்த பிறகு அந்தத் தளங்களுக்குப் போனால், எழுதுவதற்காவது ஏதாவது இருக்கும்.

ரொறன்ரோவிலோ லண்டனிலோ பாரிசிலோ சொந்தக்காரர் இல்லாத வீடு நம் ஊரில் குறைவு. ஆனால் மாமாவுக்கு போன் எடுத்து "ஏதும் வேலை இருந்தால் சொல்லுங்கோ" என்றால், "பார்ப்பம் பிள்ளை" என்பார், அதோடு சரி. வேர்ச்சுவல் அசிஸ்டன்ட் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. பிள்ளை சுத்தி வளைத்துக் காசு கேட்கிறது என்றுதான் நினைப்பார். மாமாவுக்கு டாக்ஸ் பார்க்கிறவர், வீடு வாங்கிக் கொடுத்த ஏஜென்ட், கலியாணத்துக்குப் படம் எடுத்தவர், மகளுக்கு நடனம் பழக்குகிற டீச்சர், இவர்கள்தான் உங்களுக்கு வேண்டிய ஆட்கள். தனியாகவோ இரண்டு மூன்று பேரோடோ தொழில் நடத்துகிறவர்கள். அங்கே முழுநேரத்துக்கு ஆள் வைக்க அவர்களுக்குக் கட்டாது, வேலையோ தலைக்கு மேல். ஆகவே மாமாவிடம் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: "உங்கட டாக்ஸ் பார்க்கிறவரின் நம்பரைத் தாங்கோ, உங்கட பெயரைச் சொல்லிக் கதைக்கலாமோ?" அவருக்கு இதில் ஐந்து சதச் செலவில்லை. உடனே தருவார்.

என் முதல் கிளையன்ட் வந்தது அப்படித்தான். ஸ்காபரோவில் சித்தப்பாவின் வரிக்கணக்குப் பார்க்கிற ஒரு அக்கா. கனடாவில் தனிநபர் வரிப் படிவத்துக்குக் கடைசி நாள் ஏப்ரல் 30. பெப்ரவரியில் இருந்து அவர்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. நான் ஜனவரியில் எழுதினேன். ஈமெயில், கலண்டர், சோஷியல் மீடியா எல்லாம் செய்வேன் என்ற நீண்ட பட்டியலை அனுப்பவில்லை. ஒரு கேள்விதான்: ஆட்கள் கொண்டுவந்து கொட்டுகிற பில்களை யார் ஒழுங்குபடுத்தி எக்செலில் ஏற்றுகிறார்கள்? "நான்தான், பிள்ளையள் படுத்த பிறகு" என்று பதில் வந்தது.

அக்காவிடமிருந்து முதலில் ஒரு லொறிக்காரரின் எரிபொருள் பில்கள் வந்தன. ஃபைல்களின் பெயர்கள் ஸ்கேன் 1, ஸ்கேன் 2, ஸ்கேன் 2 புதியது. சிலது மடியில் வைத்து எடுத்த படம், பெருவிரலும் சேர்ந்து விழுந்திருக்கும். வெயிலில் கிடந்து எழுத்து மங்கியவையும் இருந்தன. திகதி, கடை, தொகை, வரி என்று பிரித்து ஏற்றினேன். வாசிக்க முடியாதவற்றை ஊகித்துப் போடவில்லை, தனித் தாளில் எழுதி வைத்தேன். ரொறன்ரோ இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில் எச்எஸ்டி என்ற விற்பனை வரி 13 சதவீதம். வரித்தொகை அந்தக் கணக்குக்கு ஒத்துவராத பில்களையும் அதே தாளில் சேர்த்தேன். மிச்ச வேலையை எனக்குத் தந்ததற்குக் காரணம் அந்தத் தனித் தாள்தான் என்று அக்கா பிறகு சொன்னார். எக்செலில் ஏற்ற யாராலும் முடியும். எது சந்தேகம் என்று சொல்லத்தான் ஆள் கிடைக்காது.

நேரமும் நமக்குச் சாதகம். குளிர்காலத்தில் ரொறன்ரோவில் இரவு 11 மணி என்றால் இங்கே மறுநாள் காலை ஒன்பதரை. அவர் படுக்கப் போகும்போது அனுப்புவதை எழும்புவதற்குள் முடித்துவிடலாம். இதைத்தான் நான் விற்றேன், மலிவை அல்ல. லண்டன்காரர்களிடம் கேட்பதாக இருந்தால் நவம்பரிலேயே கேளுங்கள், அங்கே சுயதொழில்காரரின் வரிப் படிவத்துக்கு ஜனவரி 31 கடைசி நாள். கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்று எல்லோரும் கேட்பார்கள், அதற்குப் பதிலை முதலே தயாராக வைத்திருங்கள். ஊர்க் கோயில் திருவிழாவுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டும் நாட்களில் சூம் கோலுக்கு நேரம் கொடுக்காதீர்கள், அது தனி அனுபவம்.

முதல் வேலையைச் சும்மா செய்து கொடுக்கலாமா? ஒரு மணி நேர மாதிரி வேலை என்றால் சரி. அதற்கு மேல் வேண்டாம், அதுவும் சொந்தக்காரர் வழியாக வந்த ஆளுக்கு வேண்டவே வேண்டாம். சும்மா தொடங்கினால் பிறகு காசு கேட்க வாய் வராது. மணிக்கு 5 டொலர் என்றாலும் முதலே எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

காசு வாங்குவது இன்னொரு தலையிடி. "பேபால்ல போடுறன்" என்பார்கள். இலங்கையில் பேபால் நீண்ட காலமாகவே காசு கட்டத்தான் உதவியிருக்கிறது, வாங்க அல்ல. வெளிநாட்டுக் காசை வாங்க உதவும் பேயோனியர் என்ற ஒன்லைன் சேவையில் கணக்கு திறந்து உள்ளூர் வங்கிக்கு மாற்றலாம், அல்லது நேரே வங்கிக்கு அனுப்பச் சொல்லலாம். "உண்டியல்ல அம்மாவிட்டக் குடுக்கச் சொல்லுறன்" என்று, அதாவது வங்கி இல்லாமல் ஆள் மூலம் கைக்காசாகத் தருவதாக, யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். 2025 ஏப்ரலில் இருந்து வெளிநாட்டுக்குச் செய்யும் சேவைக்கும் வருமான வரி உண்டு. காசு வங்கி வழியாக வந்தால் அதற்கு 15 சதவீதம்தான் உச்சம், ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய் வரை விலக்கும் உண்டு. உண்டியலில் வந்த காசுக்கு ஒரு துண்டும் இருக்காது. நாளைக்கு லோன் எடுக்கவோ விசாவுக்கோ வருமானம் காட்ட முடியாது.

டெலிகிராமில் "டேட்டா என்ட்ரி வேலை, பதிவுக் கட்டணம் மட்டும்" என்று வருபவை எல்லாம் ஏமாற்று. உங்கள் வங்கிக் கணக்குக்குக் காசு போட்டு இன்னொருவருக்கு அனுப்பச் சொன்னால் அது அதைவிட மோசம், பொலிஸ் உங்களைத் தேடித்தான் வரும். அப்வேர்க் கணக்கை வாடகைக்குக் கேட்பவர்களுக்கும் பதில் போடாதீர்கள்.

கோர்ஸ்: என்னிடம் இதுவரை எந்தக் கிளையன்டும் சான்றிதழ் கேட்கவில்லை. எக்செலில் ஃபில்டர், பிவட் தெரியாவிட்டால் யூடியூப்பில் தமிழிலேயே இருக்கிறது. கட்ட நினைத்த காசில் கரண்ட் போனாலும் ரவுட்டர் ஓட ஒரு சின்ன யூபிஎஸ் வாங்குங்கள், மிச்சத்தை வைத்திருங்கள். பிறகு மாமாவுக்கு போன் எடுங்கள்.