கும்மட்டம் இல்லாத பள்ளி

அன்புள்ள ஐயா,

நான் கட்டடக்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கும்மட்டமும் மினாராவும் அரபு நாட்டில் தோன்றி உலகெங்கும் பரவின என்று வகுப்பில் பேச்சு வந்தது. சென்ற மாதம் கீழக்கரையின் பழைய ஜும்மா பள்ளிவாசலைப் பார்த்தேன். தூண்களும் அவற்றின் தலையில் உத்தரம் தாங்கும் போதிகைகளும் கோயில் மண்டபத்தில் இருப்பவை போலவே இருக்கின்றன. அது முன்பு கோயிலாகத்தான் இருந்திருக்கும் என்றான் உடன் வந்த நண்பன். அப்படியா? தாஜ்மஹாலைப் பாரசீகக் கலை என்பதா, இந்தியக் கலை என்பதா என்றும் சொல்லுங்கள்.

ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள தம்பி,

தாஜ்மஹாலை விட்டுவிடுங்கள், அதைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நீங்கள் கீழக்கரைத் தூணைப் பார்த்துவிட்டு வந்து கேட்கிறீர்கள் என்பதுதான் என்னை எழுத உட்கார வைத்தது. சில நாட்களாக நானும் ஒரு கல்தூணைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

622இல் மதீனாவில் நபிகள் நாயகம் கட்டிய பள்ளிக்குச் சுவர் பச்சைச் செங்கல், தூண் பேரீச்ச மரம், கூரை பேரீச்ச ஓலை. அதில் கும்மட்டமும் இல்லை, மினாராவும் இல்லை. நபித்தோழர் பிலால் ஒரு வீட்டின் கூரைமேல் ஏறி நின்றுதான் தொழுகைக்கு அழைக்கும் பாங்கைச் சொன்னார். தொழும் திசையைக் காட்டும் உள்வளைந்த மாடமான மிஹ்ராபுகூட எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் பள்ளியை விரித்துக் கட்டியபோது வந்து சேர்ந்ததே. ஜெருசலேமில் 691ஆம் ஆண்டையொட்டி எழுந்த பாறைக் கும்மட்டம், கிழக்கு ரோமானியரான பைசாந்தியரின் தேவாலயங்களைக் கட்டிப் பழகிய மண்ணின் வேலைப்பாடு. தொழுகைக்கு வேண்டியது மக்காவின் திசையான கிப்லாவை நோக்கிய சுத்தமான இடம் ஒன்றுதான். மற்றவற்றை அந்தந்த ஊரின் கொத்தனும் தச்சனும் கல்தச்சனும் கொடுத்தார்கள்.

ஸ்பெயினின் கொர்தோபாவில் 785ஐ ஒட்டித் தொடங்கிய பெரிய பள்ளிக்கு, இடிந்த ரோமானியக் கட்டடங்களின், அவர்களுக்குப் பின் அங்கே ஆண்ட விசிகோத்தியரின் கட்டடங்களின் தூண்களை எடுத்து வந்து நிறுத்தினார்கள். அத்தனை பெரிய கூடத்துக்கு அவை குட்டை. ஆகவே ஒரு வளைவின்மேல் இன்னொரு வளைவை ஏற்றிக் கூரையை உயர்த்தினார்கள். செங்கல்லும் வெண்கல்லும் மாறி மாறி வரும் அந்த இரட்டை வளைவை இன்று உலகமே வியக்கிறது. தூண் எட்டாத குறைக்கு ஒரு கொத்தன் கண்ட வழி அது. அதே நாட்டில் மெரிதா நகரத்து ரோமானிய நீர்ப்பாலத்தில் வளைவுமேல் வளைவு அவனுக்கு முன்பே இருந்தது. கோழிக்கோட்டு மிஷ்கால் பள்ளியும் ஜாவாவின் தெமாக் பள்ளியும் கும்மட்டமில்லாமல் அடுக்குக் கூரையோடு நிற்பதும் இப்படித்தான்: மழை மிகுந்த அந்த ஊர்களின் தச்சர்களுக்குத் தெரிந்த கூரை அது.

இப்போது உங்கள் நண்பரிடம் வருகிறேன். கோயில் தூணைப் பள்ளியில் வைத்த இடங்கள் உண்டு. தில்லி குத்புமினாருக்கு அருகிலுள்ள பள்ளியில் இருபத்தேழு கோயில்களின் கற்கள் இருப்பதாக அதன் கல்வெட்டே சொல்கிறது, அதை யாரும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே போய்ப் பாருங்கள். உயரம் போதாமல் தூணின்மேல் தூண் ஏற்றப்பட்டிருக்கும், உருவங்கள் சிதைக்கப்பட்டிருக்கும். பெயர்த்து வந்த தூணுக்கும் பள்ளிக்கென்றே செதுக்கிய தூணுக்கும் உள்ள இந்த வேறுபாடு கல்லைப் படிக்கத் தெரிந்தவனுக்குக் கண்ணில் படாமல் போகாது. போதிகையைக் கண்டதும் கோயில் என்று தீர்ப்புச் சொல்வது கட்டடக்கலை படிக்கிறவருக்கு அழகல்ல, தம்பி. நீங்களாவது அவரை அங்கேயே நிறுத்தி, தூணைத் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டாமா?

நான் தொட்டு வளர்ந்த தூண் ஒன்று உண்டு. எங்கள் ஊர்ப் பள்ளியைக் கல்லுப்பள்ளி என்றே சொல்வோம். லுஹர் என்னும் நண்பகல் தொழுகை முடிந்ததும் வாப்பா, கைகால் கழுவும் நீர்த்தொட்டியான ஹவுளுக்குப் பக்கத்துத் தூணில் சாய்ந்து ஓதுவார். நான் அதன் சதுரத்திலிருந்து எட்டுப்பட்டைக்கு விரலை நகர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கோயிலில் உருவம் வரும் சதுர முகத்தில் இங்கே ஒரு தாமரை. உருவத்தைக் கொத்தி எடுத்திருந்தால் கல் குழிந்திருக்கும். இந்தத் தாமரையோ அரை விரற்கடை மேலெழும்பி நின்றது. ஆள் உருவம் வேண்டாம் என்று கேட்டவர்களுக்காக, தன் கையில் இருந்த கலையில் எதையும் குறைக்காமல், அந்தக் கல்தச்சன் முதல் உளியிலேயே பூவாகச் செதுக்கியது அது.

அந்தப் பள்ளியை வெளியார் யாரும் இடிக்கவில்லை. அந்தப் பள்ளியைச் சேர்ந்த எங்கள் மஹல்லா மக்களே, 'பள்ளி பள்ளி மாதிரி இல்லை' என்று சொல்லி இடித்தார்கள். இன்று அங்கே கான்கிரீட் கும்மட்டமும் பச்சை ஓடு பதித்த இரண்டு மினாராக்களும் நிற்கின்றன. உங்கள் நண்பர் சொன்னதையே எங்கள் பெரியவர்களும் வேறு வாயால் சொன்னார்கள், தம்பி; அந்தக் கல் நமக்குரியது என்று இருவருக்கும் படவில்லை. அன்று வெளியூரில் இருந்த நான் ஒரு கடிதம்கூட எழுதவில்லை. வாப்பா சாய்ந்த தூண் இப்போது குழாயடியில் படுத்துக் கிடக்கிறது, தாமரை மண்ணுக்குள் போக மேற்புறம் துணி துவைத்து வழவழப்பாகிவிட்டது. இடிக்கும் முன் அதை யாரும் அளந்து வரையவில்லை.

கீழக்கரைக்கு மறுபடியும் போங்கள், நண்பரையும் அழைத்துக்கொண்டு, அளவுநாடாவும் வரைதாளும் எடுத்துக்கொண்டு. பள்ளி நிர்வாகத்தாரிடம் முறையாகக் கேட்டு, ஒரு தூணையேனும் அடியிலிருந்து போதிகைவரை அளந்து வரையுங்கள். வரைந்ததை எனக்கும் ஒரு படி அனுப்புங்கள்.