மகள் ஊர் சுற்றுகிறாள் என்று கவலைப்படும் அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா,

டிசைன் படிக்க ஆசைப்படும் உங்கள் மகள், பெருநகரத்துக்கு வந்ததிலிருந்து லீவு நாளெல்லாம் ஓவியக் கண்காட்சி, அருங்காட்சியகம், பழைய தெருக்கள் என்று சுற்றுகிறாள், நுழைவுத் தேர்வுக்கு உட்கார்ந்து வரைவதே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கவலையில் பாதி நியாயம்தான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில், சுற்றுவதை நிறுத்தச் சொல்லாதீர்கள். என்ன கொண்டுவருகிறாள் என்று கேளுங்கள். போனில் இருநூறு படங்கள் மட்டும் இருந்தால் போதாது. கையில் ஒரு நோட்டு இருக்க வேண்டும். அதில் அவளே வரைந்ததும், பக்கத்தில் எழுதிய கேள்வியும் இருக்க வேண்டும்.

ஒரு பயிற்சி சொல்கிறேன். மெட்ரோ ரயில் நிலையத்தில் ஒரு மணி நேரம் நிற்கட்டும். புதிதாக வருகிறவர்கள் எங்கே தயங்குகிறார்கள்? எந்தப் பலகையைக் கவனிக்காமல் தாண்டிப் போகிறார்கள்? எந்த இடத்தில் அடுத்தவரிடம் வழி கேட்கிறார்கள்? அந்த இடத்தை வரைந்து, நானாக இருந்தால் என்ன மாற்றுவேன் என்று எழுதட்டும்.

லண்டன் சுரங்க ரயிலின் புகழ்பெற்ற வரைபடம் இப்படிப்பட்ட ஒரு யோசனையில்தான் பிறந்தது. ஹாரி பெக் என்ற வரைவாளர் அதை வரைந்தது 1931இல். நிலத்துக்கு அடியில் போகிறவருக்கு உண்மையான தூரமும் வளைவும் எதற்கு, எங்கே மாறி ஏற வேண்டும் என்று தெரிந்தால் போதுமே என்று நினைத்தார். கோடுகளை நேராகவும் சாய்வாகவும் மட்டும் போட்டார். நிர்வாகம் முதலில் வேண்டாம் என்றது. 1933இல் அச்சிட்டுக் கொடுத்ததும் பயணிகள் அதை உடனே ஏற்றுக்கொண்டார்கள். மெக்சிகோ நகர மெட்ரோவில் 1969இலிருந்து ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு சின்னம் உண்டு. எழுத்து தெரியாதவரும் இறங்க வேண்டிய இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். பீனோ சுவாரஸ் நிலையத்தின் சின்னம், அங்கே தோண்டும்போது கிடைத்த, அந்த ஊரின் பழங்குடிகளான அஸ்டெக் மக்களின் ஒரு சிறிய கோயில். எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இது. ஊரின் வரலாறும் வழிகாட்டும் வேலையும் ஒரே படத்தில் சேர்ந்துவிட்டன.

அருங்காட்சியகத்திலும் இதே முறைதான். முப்பது அறைகளை ஓடிப் பார்க்க வேண்டாம். ஒரே பொருளின் முன்னால் அரை மணி நேரம் உட்காரட்டும். பத்து நிமிடத்தில் சலிப்பு வரும். அதைத் தாண்டி உட்கார்ந்தால்தான் கைப்பிடி ஏன் அந்த உயரத்தில் இருக்கிறது, ஓவியத்தில் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதெல்லாம் கண்ணில் படும்.

நான் பார்த்த மாணவர்களில் பலர், கல்லூரிக்குக் காட்டும் படைப்புத் தொகுப்பான போர்ட்ஃபோலியோவில் அழகாக முடித்த படங்களை மட்டும் அடுக்குகிறார்கள். நல்ல டிசைன் கல்லூரிகளில் தேர்வு செய்கிறவர்கள் அந்தப் படத்துக்கு முந்தைய கிறுக்கல்களையும் கேட்பார்கள். எப்படி யோசித்தாய், எதை ஏன் விட்டாய் என்று நேர்காணலில் கேட்டால், சுற்றி வந்த நோட்டுதான் பதில் சொல்லும்.

சரி, உங்கள் பக்கத்து நியாயம். கை பழகாமல் கண் மட்டும் பழகினால் தேர்வில் திணறுவாள். தினமும் முக்கால் மணி நேரம், வீட்டில் இருக்கும் பொருள்கள், மனிதக் கைகள், அறையின் மூலை என்று வரைந்தே ஆக வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அப்புறம், வருமானம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். டிசைன் இன்னொருவரின் தேவையிலிருந்து தொடங்கும் வேலை. செயலி, பேக்கேஜிங், எழுத்துரு, கண்காட்சி அமைப்பு என்று சம்பளத்துக்குச் சேரப் பல இடங்கள் உண்டு. ஓவியம், சிற்பம் போன்ற நுண்கலை தன் சொந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவது. அதில் வருமானம் வரப் பெரும்பாலும் வருடங்கள் ஆகும், கூடவே ஒரு வேலையும் தேவைப்படலாம். அவளுக்கு எது என்று இன்றே முடிவு செய்ய வேண்டாம். நோட்டில் மற்றவர்களின் சிக்கல்கள் அதிகம் இருக்கின்றனவா, அவளுடைய மனதில் ஓடும் படங்கள் அதிகமா என்று பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களும் அவளோடு போய்வாருங்கள். எதையும் விளக்கச் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி போடச் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்து அந்த நோட்டோடு இருவரும் வாருங்கள், பக்கம் பக்கமாகப் பார்ப்போம்.