தீர்வுகளைச் சேமிக்க ஒரு சாவி போதும், சாவிக்கொத்தைக் கொடுக்காதீர்கள்

கேள்வி: கோட்ஃபோர்சஸ், லீட்கோட் ஆகிய தளங்களில் இரண்டு ஆண்டுகளாக நிரல்போட்டிக் கேள்விகளைத் தீர்த்து வருகிறேன். ஏற்கப்பட்ட தீர்வுகள் அறுநூறைத் தாண்டிவிட்டன. அவை தாமாகவே, நிரல்களைச் சேமிக்கும் தளமான கிட்ஹப்பில் சேர வேண்டும் என்று விரும்புகிறேன். அதற்காக ஓர் உலாவி நீட்சியை நிறுவியபோது, அங்கே என்னுடைய எல்லாக் களஞ்சியங்களிலும் (நிரல்கள் இருக்கும் கோப்புத் தொகுப்புகள்) எழுதுவதற்கு அது அனுமதி கேட்டது, நானும் கொடுத்துவிட்டேன். இதற்கிடையில் ஒருவர், கட்டணம் கொடுத்தால் பழைய தீர்வுகள் அனைத்தையும் பழைய தேதிகளோடு ஏற்றி, என் கிட்ஹப் பக்கத்தை, எந்தெந்த நாளில் பங்களித்தேன் என்பதைக் காட்டும் பச்சைக் கட்டங்களால் நிரப்பித் தருவதாகச் சொல்கிறார். கடவுச்சொல்லையும் கேட்கிறார். இவற்றில் எதை நம்பலாம்?

பதில்: கடவுச்சொல் கேட்பவரை இன்றே விலக்கிவிடுங்கள். உங்கள் தீர்வுகளைக் களஞ்சியத்தில் ஏற்றுவதற்கு இன்னொருவரிடம் உங்கள் கடவுச்சொல் இருக்க வேண்டிய தேவை எந்த நிலையிலும் இல்லை. அவர் விற்பதாகச் சொல்லும் பொருளுக்கும் மதிப்பில்லை. கிட்ஹப்புக்கு அடிப்படையான கிட் மென்பொருளில், கமிட் எனப்படும் ஒரு மாற்றப் பதிவுக்கு எந்தத் தேதியை வேண்டுமானாலும் எழுதலாம். அது பிழையன்று, 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரலுக்காக அதை உருவாக்கியபோதே, திருத்தத்தை எழுதியவர் ஒருவராகவும் அதைச் சேர்ப்பவர் வேறொருவராகவும் இருப்பார்கள் என்பதால், எழுதிய தேதிக்கும் சேர்த்த தேதிக்கும் தனித்தனி இடம் வைத்தார். அந்த நல்ல வசதியைத்தான் இந்த இடைத்தரகர்கள் வெற்றுக் கமிட்டுகளால் ஓராண்டுக் கட்டத்தை நிரப்பிக் காசாக்குகிறார்கள். அந்தக் கட்டங்களை மட்டும் பார்த்து ஆளை எடைபோடும் வேலைவாய்ப்புத் தேர்வாளர்கள் இருக்கும் வரையில் இந்த வியாபாரம் ஓயப்போவதில்லை என்பது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது. நேர்முகத்தில் அமர்ந்து ஒரு கோப்பைத் திறந்து, "இந்த வரியை ஏன் இப்படி எழுதினீர்கள்?" என்று கேட்கத் தெரிந்தவருக்குப் பச்சை நிறம் எதையும் சொல்லாது.

நீட்சியின் நிலை வேறு. பல நீட்சிகள் நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்டவைதாம். ஆனால் நீங்கள் கொடுத்திருக்கும் அனுமதி, அந்த ஒரு களஞ்சியத்துக்கு மட்டுமின்றி, உங்களுடைய பொதுக் களஞ்சியம், தனிக் களஞ்சியம் எல்லாவற்றுக்கும் செல்லும். பழைய முறையில் அனுமதி வாங்கும் செயலிகளுக்கு ஒரே ஒரு களஞ்சியத்தை மட்டும் திறந்துவிடும் வழியே வைக்கப்படவில்லை. வீட்டின் ஓர் அறையைக் காட்டச் சொன்னால் சாவிக்கொத்தையே நீட்டும் ஏற்பாடு அது. களஞ்சியம் வாரியாகக் கட்டுப்படுத்தக்கூடிய டோக்கன்களை (கடவுச்சொல்லுக்குப் பதிலான அனுமதிக் குறியீடுகளை) கிட்ஹப் 2022-இல்தான் அறிமுகம் செய்தது. மேலும், நீட்சிகள் நீங்கள் அறியாமலே புதுப்பிக்கப்படும். இன்று அதை எழுதியவரிடம் இருப்பது நாளை வேறு கைக்கு மாறவும் கூடும். நீங்கள் சோதித்துப் பார்த்த நிரலும் அடுத்த ஆண்டு உங்கள் உலாவியில் ஓடப்போகும் நிரலும் ஒன்றாக இருக்கும் என்பதற்கு உறுதி கிடையாது.

இதைவிட அபாயமான இன்னொரு வகையும் உண்டு. சில கருவிகள், போட்டித் தளத்தில் நீங்கள் உள்நுழைந்திருப்பதைக் காட்டும் குக்கீயை நகலெடுத்து ஒட்டச் சொல்கின்றன. அந்தக் குக்கீ கையில் இருப்பவருக்கு உங்கள் கடவுச்சொல்லே தேவைப்படாது. தளம் அவரை நீங்களாகவே கருதும். அதை எந்தக் கருவிக்கும் கொடுக்காதீர்கள், எந்தக் கோப்பிலும் எழுதி வைக்காதீர்கள்.

அப்படியானால் தானியங்கிச் சேமிப்புக்கு என்ன வழி? தீர்வைத் தளத்திலிருந்து திரும்ப இழுக்க முயலாதீர்கள். அது முதலில் உங்கள் கணினியில்தானே பிறக்கிறது? அங்கேயே பிடித்து வையுங்கள். தளத்தின் பெட்டியில் நேரடியாகத் தட்டச்சு செய்யும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஒரு கோப்புறையை உருவாக்கி, அதற்குள் தளத்துக்கு ஓர் உட்கோப்புறை வைத்து, போட்டி எண்ணும் கேள்வி எழுத்தும் கோப்பின் பெயராக அமையும்படி எழுதுங்கள். ஏற்கப்பட்ட பிறகு, கோப்பின் தலையில் கேள்வியின் முகவரியையும், எந்த உத்தியால் தீர்த்தீர்கள், முதல் முயற்சி எதனால் தோற்றது என்பதையும் இரண்டு வரிகளில் குறித்து வையுங்கள். எந்த நீட்சியாலும் எழுத முடியாத வரிகள் அவை. ஓராண்டு கழித்து நீங்கள் தேடப்போவதும் அவற்றைத்தான்.

மீதியைக் கணினி செய்யும். கோப்புறைக்குள் சென்று, மாற்றம் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் மட்டும் கமிட் செய்து கிட்ஹப்புக்கு அனுப்பும் (புஷ் செய்யும்) நான்கைந்து வரி ஸ்கிரிப்ட் போதும். அதை லினக்ஸிலும் மேக்கிலும் கிரான் வழியாகவும், விண்டோஸில் டாஸ்க் ஷெட்யூலர் வழியாகவும் நாள்தோறும் ஒரு குறித்த நேரத்தில் ஓடவிடலாம். அனுமதிக்கு டிப்ளாய் கீ என்னும் சாவியைப் பயன்படுத்துங்கள். களஞ்சியத்தின் அமைப்புப் பக்கத்தில் அதைச் சேர்க்கும்போது எழுதும் அனுமதிக்கான கட்டத்தையும் குறியிட வேண்டும். அந்தச் சாவி அந்த ஒரு களஞ்சியத்தை மட்டுமே திறக்கும். திருடு போனாலும் சேதம் அதோடு நிற்கும். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் (கிட்ஹப்பின் கணினிகளிலேயே பணிகளை ஓட்டும் வசதி) மூலம் மேகத்திலிருந்தே தீர்வுகளை இழுக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். அதற்குத் தளத்தின் குக்கீயை அங்கே கொண்டுபோய் வைக்க வேண்டிவரும். பொதுக் களஞ்சியத்தில் 60 நாட்கள் எந்த அசைவும் இல்லையென்றால் நேரம் குறித்து ஓடும் பணி தானாகவே நிறுத்தப்பட்டும் விடும்.

பழைய அறுநூறு தீர்வுகளுக்கு மட்டும் ஒருமுறை உழைக்க வேண்டும். கோட்ஃபோர்சஸ் தளத்தின் பொது ஏபிஐ (நிரல் வழியாகத் தகவல் கேட்டுப் பெறும் வசதி), உங்கள் பயனர் பெயரைக் கொடுத்தால் சமர்ப்பிப்புகளின் பட்டியலைத் தரும். கேள்வி எண், மொழி, முடிவு, நேரம் எல்லாம் அதில் இருக்கும். இரண்டு நொடிக்கு ஒரு வேண்டுகோள் என்ற வரம்பை மதித்துக் கேளுங்கள். அந்தப் பட்டியலில் முடிவு 'ஓகே' என்று இருப்பவற்றை மட்டும் பிரித்தெடுத்து, அந்தத் தீர்வுகளை நீங்களே உள்நுழைந்து நகலெடுங்கள். நாளுக்கு இருபது என்றால் ஒரு மாதத்தில் முடியும். கமிட்டில் உண்மையான சமர்ப்பிப்பு நேரத்தை எழுதுவதில் தவறில்லை. ஒருவர் தாமே எழுதிய நிரலை மொத்தமாகத் திரும்பப் பெற இந்தப் பாடு படவேண்டியிருக்கிறது. 'எல்லாவற்றையும் பதிவிறக்கு' என்ற ஒரு பொத்தானைப் போட்டித் தளங்கள் எல்லாம் என்றோ வைத்திருக்க வேண்டும்.

தானியங்கியாகச் செய்வதில் நான் மிகவும் அஞ்சுவது ஒன்று உண்டு: நடந்துகொண்டிருக்கும் போட்டி. போட்டி முடிவதற்கு முன் உங்கள் ஸ்கிரிப்ட் தீர்வைப் பொதுவில் ஏற்றிவிட்டால், அதை வேறொருவர் நகலெடுத்தால், நிரல்களின் ஒற்றுமையைத் தேடும் ஒப்பீட்டுச் சோதனையில் இருவருமே சிக்குவீர்கள். அறியாமல் கசிந்ததும் விதிமீறலே என்று கோட்ஃபோர்சஸ் தன் எச்சரிக்கைக் கடிதத்தில் தெளிவாகச் சொல்கிறது. இணையத்திலேயே நிரலை ஓட்டிப் பார்க்க உதவும் ஐடியோன் தளத்தில் இயல்பு அமைப்பில் நிரலை ஓட்டினால் அது பொதுவில் தெரியும் என்பதை எடுத்துக்காட்டாகவும் தருகிறது. ஆகவே ஏற்கப்பட்ட நேரத்தைக் கணக்கில் கொள்ளாமல், போட்டி முடிந்த நேரத்திலிருந்து ஒரு முழு நாள் கழித்தே ஏற்றுங்கள். போட்டி இரண்டு மணி நேரமாக இருந்தால் வேறுபாடு சிறிது. மிகச் சிறந்த விடையைத் தேடிப் பல நாட்கள் நீடிக்கும் உகப்பாக்கப் போட்டிகளில், ஏற்கப்பட்ட மறுநாளே ஏற்றினாலும் போட்டி பாதியில்தான் இருக்கும். 'நடப்பு' என்றொரு கோப்புறையை வைத்து, அதைக் கிட் கண்டுகொள்ளாத பட்டியலில் சேர்த்துவிட்டு, போட்டி முடிந்த பிறகு கோப்பைக் கையால் நகர்த்துவதே பிசகில்லாத முறை. களஞ்சியம் தனியாகத்தானே இருக்கிறது என்ற துணிவும் வேண்டாம். ஒருநாள் அதைப் பொதுவாக்கும்போது எது எப்போது உள்ளே வந்தது என்பது நினைவில் இராது. நிறுவனங்களின் ஆட்சேர்ப்புத் தேர்வுக் கேள்விகளை எப்போதுமே ஏற்றாதீர்கள்.

கேள்வியின் முழு வாசகத்தையும் நகலெடுத்துப் போடாதீர்கள்; அது அதை எழுதியவருக்கு உரியது. டிசம்பர் தோறும் வரும் நிரல்புதிர்த் தொடரான அட்வென்ட் ஆஃப் கோடை நடத்துபவர், கேள்வி வாசகத்தையும் உள்ளீட்டையும் பொதுவில் வைக்க வேண்டாம் என்று வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டிருக்கிறார். இணைப்பு போதும்.

நீட்சிக்கு ஏற்கெனவே அனுமதி கொடுத்துவிட்டதால், இன்றே கிட்ஹப் அமைப்புகளில் செயலிகள் பகுதிக்குச் சென்று அதைத் திரும்பப் பெறுங்கள். நீட்சியை மட்டும் நீக்கினால் அனுமதி நீங்காது. கடவுச்சொல்லை யாருக்காவது சொல்லியிருந்தால் மாற்றிவிட்டு, இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, உங்களுக்குத் தெரியாத சாவியோ கூட்டாளியோ உங்கள் களஞ்சியங்களில் சேர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். எப்போதாவது ஒரு டோக்கனோ குக்கீயோ கமிட்டில் சிக்கியிருந்தால் கோப்பை அழிப்பதால் பயனில்லை, பழைய கமிட்டில் அது அப்படியே கிடக்கும். முதலில் அந்த டோக்கனைச் செல்லாததாக்குங்கள், குக்கீயாக இருந்தால் எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறுங்கள், வரலாற்றைச் சுத்தம் செய்வது அதற்குப் பிறகு.